நொமுராவின் செயோ நாகே: கடற்கரைப் பிள்ளைகளுக்கான ஜூடோ கேள்வி பதில்

பாம்பன் தம்பி: அண்ணே, நொமுரா 60 கிலோதான். மூணு ஒலிம்பிக் தங்கம் எப்படி எடுத்தாரு?

பதில்: தம்பி, ஜப்பான் ஜூடோ வீரர் தடாஹிரோ நொமுரா 1996, 2000, 2004 மூன்று ஒலிம்பிக்கிலும் 60 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். ஜூடோவில் அவருக்கு முன்னால் யாரும் தொடர்ந்து மூன்று வாங்கியதில்லை. அவர் கைவந்த எறி செயோ நாகே, அதாவது எதிராளியை முதுகில் ஏற்றி முன்பக்கம் தூக்கிப் போடுவது. வலக்கைக்காரர் என்றால் இடது கையால் எதிராளியின் வலது சட்டைக்கையை மேல்நோக்கி இழுக்கணும். எதிராளி முன்பாதத்தில் வந்து நின்ற பிறகுதான் நீ திரும்பணும். முக்கால்வாசிப் பேர் இழுக்காமலே திரும்புகிறார்கள், அதனால்தான் எறி விழுவதில்லை. திரும்பும்போது உன் வலது முழங்கை அவர் வலது அக்குளுக்குள் முழுசாகப் போகணும். வெளியே நின்றுவிட்டால் அவர் எடை மொத்தமும் உன் முழங்கையில் இறங்கி மூட்டு பிசகும். முழங்காலை மடக்கி உன் பெல்ட் அவர் பெல்ட்டுக்குக் கீழே வரும்படி இறங்கு. முதுகுக்கும் அவர் நெஞ்சுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் சுற்றி வந்து தப்பித்துவிடுவார். அப்புறம் காலை நிமிர்த்தி, தலையை இடப்பக்கம் திருப்பினால் போதும்.

தங்கச்சிமடம்: அண்ணா, ஜூடோ மேட் (மெத்தை விரிப்பு) இல்லை. கடற்கரை மணலில் பழகலாமா?

பதில்: ஓடலாம், ஒருவரை ஒருவர் முதுகில் சுமந்து நடக்கலாம். எறியவே கூடாது. அலை நனைத்த மணல் தரை மாதிரி இறுகிக் கிடக்கும். உலர்ந்த மணலில் பாதம் புதைந்து நிற்கும்போது உடம்பு திரும்பினால் முழங்கால் முறுக்கிக்கொள்ளும். திரும்பும் பயிற்சியைச் சமதளத்தில் செய்யுங்கள். பழைய சைக்கிள் டியூபைத் தூணில் நெஞ்சு உயரத்தில் கட்டி, அதை இழுத்துக்கொண்டே திரும்புங்கள், பத்துப் பத்தாக ஐந்து சுற்று போதும். கீழே விழும் பயிற்சி ஜூடோ மேட் மேல் மட்டும். தாடை நெஞ்சை ஒட்டணும், கையை உடம்பிலிருந்து கொஞ்சம் விலக்கி உள்ளங்கையால் தரையை அடிக்கணும். கையைப் பின்னால் ஊன்றினால் மணிக்கட்டோ காறை எலும்போ உடையும்.

கீழக்கரை அம்மா: மகளுக்கு 13 வயசு. அவ ஆடுற எடைப் பிரிவைவிட ஒன்றரை கிலோ கூட இருக்கா. தண்ணியைக் குறைக்கலாமா?

பதில்: வேண்டாம்மா. நம்ம ஊர்ப் புழுக்கத்தில் சும்மா இருந்தாலே வியர்த்துக் கொட்டும். தண்ணீரையும் நிறுத்தினால் தசைப்பிடிப்பு, மயக்கம் வரும். வளர்கிற வயசில் மேல் பிரிவில் ஆடுவதுதான் சரி, எடை குறைக்கச் சொல்கிற கோச்சிடம் நீங்களே பேசுங்கள்.

தேவிபட்டினம்: பழைய வீடியோவில் காலைப் பிடித்துத் தூக்குகிறார்களே சார்?

பதில்: சர்வதேசப் போட்டிகளில் 2013 முதல் அது முழுத்தடை. பார்த்துப் பழகாதீர்கள்.

மண்டபம்: கழுத்தில் படர்தாமரை. பயிற்சிக்குப் போகலாமா அண்ணே?

பதில்: ஆறும்வரை மேட் பக்கம் போகாதே, கூட ஆடுகிறவர்களுக்கும் ஒட்டிக்கொள்ளும். டாக்டர் சொன்ன நாள்வரை களிம்பைத் தடவு, அரிப்பு நின்றதும் விட்டுவிட்டால் திரும்ப வரும். ஈர டிரஸ்ஸைப் பைக்குள் திணித்து வைக்காதே. ஒவ்வொரு பயிற்சிக்கும் துவைத்து வெயிலில் காயப்போடு.