31 தோல்விகளோடு ஒரு கோப்பை: ஃப்ரெஸ்னோ ஸ்டேட், 2008

"சீசன் முழுக்கத் தடுமாறிய ஓர் அணி கடைசியில் சாம்பியன் ஆனதுண்டா? உங்கள் மனதில் நிற்கும் ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு யோசிக்கவே வேண்டியதில்லை. 2008-இல் அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் பட்டத்தை வென்ற ஃப்ரெஸ்னோ ஸ்டேட் அணிதான் அது. அப்போது அந்த ஊரில்தான் நான் படித்துக்கொண்டிருந்தேன்.

ஃப்ரெஸ்னோ, கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் இருக்கும் விவசாய ஊர். கடற்கரையும் திரைப்பட நகரமும் உள்ள கலிஃபோர்னியா வேறு, இது வேறு. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள். அமெரிக்காவின் உலர்திராட்சையில் பெரும்பகுதி இங்கிருந்துதான் போகிறது. என் பக்கத்து வீட்டுப் பெரியவரும் தோட்ட வேலை செய்தவர். கிரிக்கெட் மட்டுமே தெரிந்த எனக்கு பேஸ்பாலைச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். "பொறுமையாகப் பார், புரியும்" என்பார்.

அந்த ஆண்டு எங்கள் அணி முதல் 20 ஆட்டங்களில் 12-இல் தோற்றது. பிறகு மெல்ல நிமிர்ந்து, தன் பிரிவின் போட்டித் தொடரை வென்று தேசியச் சுற்றுக்குள் நுழைந்தது. அங்கே 64 அணிகளை நான்கு நான்காகப் பிரித்து 16 இடங்களில் ஆடவைப்பார்கள். ஒவ்வொரு நான்கிலும் தர வரிசை உண்டு. ஃப்ரெஸ்னோவுக்குக் கிடைத்தது நான்காவது இடம், அதாவது கடைசி. போதாக்குறைக்கு, முதன்மைப் பிட்ச்சர் டானர் ஷெப்பர்ஸ் தோள் காயத்தால் விலகிவிட்டார். பந்து வீசுபவரைச் சுற்றியே நடக்கும் ஆட்டத்தில் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்கு அப்போது தெரியாது. பெரியவரின் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

லாங் பீச்சில் நடந்த முதல் கட்டத்தைத் தாண்டினார்கள். அடுத்து டெம்பி நகரில், நாட்டின் மூன்றாம் நிலை அணியான அரிசோனா ஸ்டேட்டோடு மூன்று ஆட்டங்கள். இரண்டில் வெல்ல வேண்டும். முதல் ஆட்டத்தில் 12-4 என்று நசுங்கினார்கள். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அடுத்த இரண்டையும் 8-6, 12-9 என்று வென்று ஓமாஹாவுக்குப் போனார்கள். ஓமாஹாவில் கடைசி எட்டு அணிகள் மோதும் தொடருக்குத்தான் கல்லூரி உலகத் தொடர் என்று பெயர். அப்போது அது அங்குள்ள ரோசன்பிளாட் அரங்கத்தில் நடந்தது.

அங்கே முதலில் ரைஸ் அணியை 17-5 என்று நொறுக்கினார்கள். வட கரோலினாவை ஒரு முறை வென்றார்கள், மறுமுறை தோற்றார்கள், மூன்றாம் முறை 6-1 என்று வென்று இறுதிக்குள் நுழைந்தார்கள். எதிரே ஜார்ஜியா. மறுபடியும் மூன்று ஆட்டங்கள், மறுபடியும் முதல் ஆட்டத்தில் தோல்வி. அதுவும் முன்னிலையில் இருந்துவிட்டு 7-6 என்று கைநழுவவிட்ட தோல்வி.

பலரும் மூன்றாவது ஆட்டத்தைத்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால், பட்டம் வென்றது இரண்டாவது ஆட்டத்தில்தான். தோற்றால் எல்லாம் முடிந்தது என்ற நிலையில் 5-0 என்று பின்தங்கினார்கள். பேஸ்பாலில் ஐந்து ஓட்டம் சிறிய இடைவெளி அல்ல. பெரியவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார்; திரும்பி வருவதற்குள் அடிக்கத் தொடங்கிவிட்டார்கள். முடிவு 19-10. ஓமாஹாவில் ஏழு ஆட்டங்களில் அவர்கள் எடுத்தது மொத்தம் 62 ஓட்டங்கள். மூன்றாம் பேஸில் ஃபீல்டிங் செய்த டாமி மென்டோன்கா தொடரின் சிறந்த வீரரானார். சீசன் நடுவில் விரல் மூட்டுகள் விலகி அவதிப்பட்டவர், பந்தைத் தவறவிட்டு அடிக்கடி ஸ்ட்ரைக் அவுட், அதாவது ஆட்டமிழப்பு, ஆனவர். ஆனாலும் அவரைப் பயிற்சியாளர் மைக் பேட்டசோல் உட்காரவைக்கவில்லை. அந்த நம்பிக்கையை நான் இன்றும் வியக்கிறேன்.

ஜூன் 25, கடைசி ஆட்டம். ஜஸ்டின் வில்சன் மூன்றே நாள் ஓய்வுக்குப் பின் வந்து ஆட்டத்தின் ஒன்பது இன்னிங்ஸில் எட்டை வீசினார், 129 பந்துகள். கிரிக்கெட் கணக்கில் ஒரே ஆள் 21 ஓவருக்கு மேல் வேகப்பந்து போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். மட்டை பிடித்தவர்களில் ஸ்டீவ் டெட்வைலர். இடது கட்டைவிரலில் தசைநார் கிழிந்த நிலையில்தான் அந்தச் சீசனை அவர் ஆடிக்கொண்டிருந்தார். மட்டை பந்தில் படும்போதெல்லாம் அந்த விரல் என்ன பாடுபட்டிருக்கும்! அன்று அவர் இரண்டு ஹோம் ரன்கள் அடித்தார், நம் சிக்ஸர் மாதிரி வேலிக்கு அப்பால். அணி எடுத்த ஆறு ஓட்டங்களும் அவர் அடித்த அடியில் வந்தவை. 6-1.

அரிசோனா ஸ்டேட்டிலிருந்து கணக்குப் பார்த்தால், தோற்றால் மூட்டை கட்ட வேண்டிய ஆட்டங்கள் ஐந்து வந்தன. ஐந்திலும் வென்றார்கள். இரண்டு முறை தோற்றால்தான் வெளியே, மூன்றில் இரண்டு வென்றால் போதும் என்று இந்தப் போட்டி முறையே ஒரு தோல்விக்கு இடம் கொடுக்கிறது. அந்த இடத்தை இவர்களைப் போல யாரும் பயன்படுத்தியதில்லை என்பது என் கருத்து. முழுச் சீசனுக்கும் 47 வெற்றி, 31 தோல்வி. நான்காம் தரத்தில் நுழைந்து பட்டம் வென்ற அணி வேறு எதுவும் இல்லை. அணியின் பெயர் புல்டாக்ஸ் என்பதால், 'அண்டர்டாக்ஸ் (வெல்ல வாய்ப்பில்லாதவர்கள்) வொண்டர்டாக்ஸ் (அதிசய நாய்கள்) ஆனார்கள்' என்று ஊரெங்கும் சட்டைகளில் எழுதிப் போட்டுக்கொண்டார்கள். நானும் ஒன்று வாங்கினேன். சாயம் போய்விட்டது, இன்னும் வைத்திருக்கிறேன்.

கடைசிப் பந்து வலப்புற மைதானத்துக்கு உயர்ந்து போனது. அதன் கீழே நின்றவர் அதே டெட்வைலர். காயம்பட்ட கையில்தான் கையுறை. பிடித்தார், முழங்காலில் விழுந்தார். பக்கத்தில் பெரியவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் அழுதுகொண்டிருந்தார்.