வரலாற்றிலேயே மிகவும் ஒருதலைப்பட்சமாக முடிந்த பேஸ்பால் ஆட்டம் எது?

அமெரிக்காவின் மேஜர் லீக்கை மட்டும் எடுத்துக்கொண்டால் பதில் சுலபம். 1897இல் சிகாகோ அணி லூயிவில் அணியை 36–7 என்று வென்றது. 1900க்குப் பிறகு என்றால், 2007 ஆகஸ்ட் 22 அன்று டெக்சாஸ் ரேஞ்சர்ஸ், பால்டிமோர் ஓரியோல்ஸை அதன் சொந்த மைதானத்திலேயே 30–3 என்று தோற்கடித்தது. அதிலும் ஒன்பது இன்னிங்ஸ் (ஒவ்வொன்றிலும் இரு அணியும் ஒரு முறை மட்டை பிடிக்கும்) கொண்ட ஆட்டத்தில் மூன்று இன்னிங்ஸ் முடியும்வரை 3–0 என்று முன்னிலையில் இருந்தது பால்டிமோர்தான்!

ஆனால் என்னைக் கேட்டால் நான் சொல்வது ஜப்பானில் இரண்டு மேல்நிலைப் பள்ளிகள் மோதிய ஆட்டத்தை. 122–0.

1998 ஜூலை 18 அன்று, கோஷியென் கோடைப் போட்டிக்கான அவொமோரி மாகாணச் சுற்றில் நடந்தது அது. கோஷியென் என்பது மேல்நிலைப் பள்ளிகளுக்கான தேசிய பேஸ்பால் போட்டி, ஜப்பானியப் பள்ளி மாணவர்களின் பெரிய கனவு. ஒரு முறை தோற்றால் அந்தக் கோடை அவ்வளவுதான். கடைசி ஆண்டு மாணவர்களுக்குப் பள்ளி ஆட்டமே அத்தோடு முடிந்துவிடும். ஒரு பக்கம் ஹிரோசாகி நகரத்து டோஓ கிஜுகு, ஏற்கெனவே கோஷியென் போய் வந்த பள்ளி. எதிரே, கடலோரச் சிற்றூரான ஃபுகவுராவின் பள்ளி. களத்தில் ஒன்பது பேர் நிற்க வேண்டிய ஆட்டத்துக்கு அவர்களிடம் இருந்ததே பத்துப் பேர்தான். அதிலும் சிலர் ஆட்டத்துக்கே புதியவர்கள்.

முதல் இன்னிங்ஸிலேயே 39 ரன் போய்விட்டது. மூன்று பேரை அவுட் ஆக்கினால்தான் எதிரணியின் முறை முடியும். அந்த மூன்று அவுட் கிடைப்பதற்குள் 39 முறை ஆள் ஓடி வந்து ஹோம் பிளேட்டைத் தொட்டாகிவிட்டது. அப்புறம் 10, 11, 17, 16. ஐந்து இன்னிங்ஸ் முடிந்தபோது 93–0.

அந்த இடைவேளையில் ஃபுகவுரா பயிற்சியாளர் பையன்களிடம், ஆட்டத்தைக் கைவிட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறார். இந்தக் கட்டம்தான் என்னை இந்த ஆட்டத்தோடு கட்டிப்போட்டது. பேஸ்பாலில் ஓர் அணி பாதியில் விலகினால் பதிவாகும் ஸ்கோர் 9–0. அதாவது, சரி என்று தலையாட்டியிருந்தால் 93 என்ற எண்ணே ஏட்டில் இருந்திருக்காது. யாரும் இன்று அவர்கள் பெயரைச் சொல்லப் போவதுமில்லை. அவர்கள் தொடர்ந்து ஆடினார்கள். மேலும் 12, மேலும் 17. ஏழு இன்னிங்ஸுக்குப் பிறகு ஏழு ரன்னோ அதற்கு மேலோ வித்தியாசம் இருந்தால் ஆட்டத்தை நிறுத்தலாம் என்பது அங்கிருந்த விதி. அதன்படி 122இல் ஆட்டம் நின்றது. ஃபுகவுராவுக்கு ஒரு ஹிட்கூட, அதாவது பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் முதல் பேஸையாவது (ஓடிச் சேர வேண்டிய இடம்) அடைவதுகூட, கிடைக்கவில்லை.

வென்ற பள்ளியைத் திட்டுகிறவர்கள் உண்டு. 86 ஹிட், 7 ஹோம் ரன் வரை போகட்டும், 78 முறை பேஸைத் திருடி, அதாவது பந்தை யாரும் அடிக்காதபோதே அடுத்த பேஸுக்கு ஓடியது எதற்கு, இரக்கமே இல்லையா என்பது அவர்கள் கேள்வி. நான் டோஓ கிஜுகு பக்கம்தான். வேண்டுமென்றே மட்டையைக் காற்றில் வீசி அவுட் ஆகிக் கொடுத்திருந்தால், எதிரே நிற்கும் பையனுக்கு அது புரியாமலா போகும்? அந்தப் பத்துப் பேரும் எடுத்த ஒவ்வோர் அவுட்டும் முழு மூச்சாக ஆடிய அணியிடமிருந்து எடுத்தது. ஏழு இன்னிங்ஸுக்கு 21 அவுட். அத்தனையும் அவர்களே சம்பாதித்தவை.

குறை இருந்தது விதியில். 2000 முதல் மாகாணச் சுற்றுகளில் ஐந்து இன்னிங்ஸுக்குப் பிறகு பத்து ரன் வித்தியாசம் இருந்தாலே ஆட்டத்தை முடித்துவிடுகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளின் உடம்பை நினைத்தால் அதுதான் சரி. அந்த விதி 1998இலேயே இருந்திருந்தால் ஃபுகவுராவின் ஆட்டம் 93–0இல் முடிந்திருக்கும், அந்தக் கேள்வியைக் கேட்கும் நிலையே பயிற்சியாளருக்கு வந்திருக்காது.