"மோசடிப் பேர்வழி என்று எழுதிவிட்டார், அவர் போன் நம்பரை நான் போடலாமா?"

கேள்வி: வணக்கம் மேடம். ஆறு வருடமாக ஆன்லைன் ஏலத் தளம் ஒன்றில் பழைய கைக்கடிகாரங்களும் கேமராக்களும் விற்கிறேன். வேலை நேரம் போக மீதி நேரத்தில் செய்வதுதான். நானூறுக்கு மேல் நல்ல பின்னூட்டம் இருக்கிறது. போன மாதம் கைக்கடிகாரம் வாங்கிய ஒருவர், "படத்தில் இருந்தது வேறு, வந்தது வேறு. மூடியைக் கழற்றி உள்ளே எதையோ மாற்றியிருக்கிறார். மோசடிப் பேர்வழி" என்று எழுதி, பார்சலில் இருந்த என் முழுப் பெயரையும் தெருப் பெயரையும் கூடவே போட்டுவிட்டார். தளத்தில் புகார் செய்தேன். வாங்குபவர் கருத்தில் தலையிட மாட்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. இன்னொரு தலைவலி, அந்தப் பெயரை வைத்து என் அண்ணன் என் பக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார். காலமான அப்பாவின் கடிகாரங்களை நான் விற்றது அங்கே வரிசையாகத் தெரிகிறது. பின்னூட்டப் பக்கம் முழுவதையும் மறைக்கச் சொல்ல எனக்கு உரிமை உண்டா? எழுதியவரின் பெயரைத் தளம் பாதி மறைத்துத்தான் காட்டுகிறது. ஆனால் அவருடைய பெயர், போன் நம்பர் எல்லாம் என்னிடம் இருக்கிறது. பதில் எழுதும் இடத்தில் அதைப் போட்டால் என்ன?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் அவசரம். போடாதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள்.

இன்றைய தேதியில் இந்த விஷயத்தில் தப்பு செய்தவர் அவர். உங்கள் பெயரையும் தெருவையும் ஊரறிய எழுதினார். அவர் நம்பரை நீங்கள் போட்ட நிமிடம் இரண்டு பேரும் ஒரே தப்பைச் செய்தவர்கள் ஆகிவிடுவீர்கள். உங்கள் நிலைமை கொஞ்சம் மோசமாகக்கூட இருக்கும். அந்த நம்பர் உங்கள் கைக்கு வந்தது பார்சல் அனுப்புவதற்காக மட்டுமே. ஒரு காரியத்துக்காகக் கொடுத்த விவரத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதுதான் பெரும்பாலான தரவுப் பாதுகாப்புச் சட்டங்களின் அடித்தளம். "நான் சும்மா தனி ஆள், கம்பெனி இல்லையே" என்ற வாதமும் எடுபடாது. இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒருவரின் விவரத்தைப் போடுவதை வீட்டுக்குள் நடக்கும் சொந்த விஷயமாகக் கருத முடியாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2003-லேயே சொல்லிவிட்டது. பார்சல் அனுப்பிய அதே முகவரிக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பலாம், நீதிமன்றத்தில் அதைக் கொடுக்கலாம். உங்கள் உரிமையைக் காப்பதற்கான பயன்பாடு அது. ஊருக்குக் காட்டுவது அதில் சேராது.

சரி, பக்கம் முழுவதையும் மறைக்கும் விஷயம். அந்த உரிமை உங்களுக்கு இல்லை. இருந்திருந்தாலும் அதைக் கேட்க வேண்டாம் என்றுதான் சொல்லுவேன்.

முகம் தெரியாத ஒருவருக்கு முன்பணம் அனுப்பிவிட்டுப் பொருளுக்காகக் காத்திருப்பதுதான் ஆன்லைன் ஏலம். அந்தப் பயத்துக்கு மருந்தாகத்தான் ஈபே என்ற ஏலத் தளம் 1996-ல் பின்னூட்ட முறையைக் கொண்டுவந்தது. அங்கே பின்னூட்டத்தை மறைத்து வைக்க ஒரு வசதியும் கொடுத்தார்கள், கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தார்கள்: மறைத்து வைத்த கணக்கிலிருந்து எதையும் விற்க முடியாது. எனக்கு அது நியாயமாகவே படுகிறது. வாங்குபவராக மட்டும் இருந்தால் உங்கள் வாங்கல் பட்டியல் உங்கள் சொந்த விஷயம். விற்க வந்துவிட்டால் உங்கள் வியாபார நடத்தை எதிராளியும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். சட்டங்களும் இந்தப் பக்கம்தான் சாய்கின்றன. இந்தியாவின் 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள், விற்பனையாளரின் ரேட்டிங்கையும் தொகுத்த பின்னூட்டத்தையும் காட்டுவதைச் சந்தைத் தளத்தின் கடமையாகவே ஆக்கியிருக்கின்றன.

"ஐரோப்பாவில் மறக்கப்படும் உரிமை இருக்கிறதாமே" என்று கேட்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆரின் 17-ஆவது பிரிவு அது, தன் விவரங்களை அழிக்கக் கேட்கும் உரிமை. கருத்துச் சுதந்திரத்துக்கும் தகவல் அறியும் உரிமைக்கும் அவசியமானதை அழிக்கத் தேவையில்லை என்று அதே பிரிவு விலக்கும் கொடுக்கிறது. இத்தாலியில் ஒரு தொழிலதிபரின் பழைய கம்பெனி திவாலானது. அது கம்பெனிப் பதிவேட்டில் தெரிவதால்தான் தன் வீடுகள் விற்கவில்லை என்று அவர் வழக்குப் போட்டார். 2017-ல் ஐரோப்பிய நீதிமன்றம் அவருக்குப் பொதுவான அழிக்கும் உரிமை இல்லை என்றது. நீண்ட காலம் கழித்து, தனிப்பட்ட பலமான காரணம் இருந்தால் மட்டும், அந்தப் பதிவை யார் பார்க்கலாம் என்பதைக் கட்டுப்படுத்தலாம் என்றது. போன மாதம் எழுதப்பட்ட ஒரு பின்னூட்டத்துக்கு அந்தக் கதவு திறக்காது.

கணக்கை மூடிவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கலாம் என்ற யோசனையும் உங்களுக்கு வந்திருக்கும். பழைய அஞ்சல் அட்டைகள் விற்கும் அனுபவசாலி ஒருவர், ஒரே மாதிரிப் பொருள்களைத் தன் பழைய பெயரிலும் புதுப் பெயர்களிலும் ஈபேயில் விற்றுப் பார்த்த ஆய்வு 2006-ல் வெளியானது. பழைய பெயருக்கு 8.1 சதவீதம் கூடுதல் விலை கிடைத்தது. உங்கள் நானூறு பின்னூட்டமும் அந்த மாதிரிச் சொத்துதான். ஒரு நெகட்டிவ் பின்னூட்டத்துக்காக அதைத் தூக்கிப் போடாதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது அந்த ஒரு பின்னூட்டத்தைத் துண்டு துண்டாகப் பார்ப்பது. தளம் ஒரு வரியில் உங்களைத் திருப்பி அனுப்பியதற்குக் காரணம், நீங்கள் மொத்தத்தையும் நீக்கச் சொன்னதாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் துண்டு உங்கள் பெயரும் தெருவும். உங்கள் பலமே இதுதான். உங்கள் கடிகாரத்தின் தரத்தைப் பற்றி இந்தத் தெருப் பெயர் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. விற்பனையாளரை வெளிப்படுத்தியே ஆக வேண்டும் என்று சொல்லும் சட்டங்கள்கூட வீட்டு வாசலில் நின்றுவிடுகின்றன. அமெரிக்காவில் 2023-ல் அமலுக்கு வந்த இன்ஃபார்ம் சட்டம், புதிய பொருள்களைப் பெரிய அளவில் விற்பவர்களின் பெயரையும் முகவரியையும் வாங்குபவர்களுக்குக் காட்டச் சொல்கிறது. அதில்கூட, வீட்டு முகவரி தவிர வேறு முகவரி இல்லாதவர் அதை எழுதிக் கொடுத்தால் நாடும் மாநிலமும் மட்டும் காட்டினால் போதும். ஈபே உட்படப் பெரிய தளங்களின் விதிகளிலும், தனிப்பட்ட விவரம் உள்ள பின்னூட்டம் நீக்கத் தக்கது. ஆகவே "கருத்தில் தலையிட மாட்டோம்" என்பது இதற்குப் பதிலே ஆகாது.

இரண்டாவது துண்டு, "மூடியைக் கழற்றி உள்ளே மாற்றியிருக்கிறார்" என்பது. இது உண்மையா பொய்யா என்று சோதிக்கக்கூடிய செய்தி. பொய்யாக இருந்து, அனுப்புவதற்கு முன் எடுத்த படங்களோ மெக்கானிக் ரசீதோ உங்களிடம் இருந்தால், அவதூறு என்று வாதிட இடம் இருக்கிறது. உண்மையாக இருந்தால், நீங்களே பேட்டரி மாற்றத் திறந்திருந்தால்கூட, இந்த வரியைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, "படம் வேறு, பொருள் வேறு", "மோசடிப் பேர்வழி" என்ற ஆத்திரம். இங்கேதான் விற்பனையாளர்கள் பணத்தைக் கரைக்கிறார்கள். ஜெர்மனியில் ஈபேயில் வாங்கிய ஒருவர், "பொருள் நன்று, அனுப்பும் செலவு கொள்ளை!!" என்று எழுதினார். அனுப்பும் செலவு 4.90 யூரோ. அதை நீக்கச் சொல்லி விற்பனையாளர் வழக்குப் போட, அது நாட்டின் உச்ச நிலை நீதிமன்றம் வரை போனது. 2022 செப்டம்பரில் தீர்ப்பு: இது அவருடைய கருத்து, கடுமையாக இருந்தாலும் பொருளைப் பற்றியது, ஆளை வெறுமனே அவமானப்படுத்துவதற்காக எழுதியது அல்ல, ஆகவே நிற்கலாம். 4.90 யூரோவுக்கு மூன்று நீதிமன்றங்கள்! உங்கள் வழக்கில் "மோசடி" என்ற சொல் "கொள்ளை"யைவிடக் கனமானது என்பது உண்மை. ஆனால் அது இரண்டாவது துண்டின் மேல்தான் நிற்கிறது. அந்தச் செய்தி பொய் என்று நிரூபித்தால் இதுவும் ஆட்டம் காணும், இல்லாவிட்டால் இதைத் தனியே அசைக்க முடியாது.

யார் மேல் நடவடிக்கை என்பதும் நாட்டுக்கு நாடு மாறும். நீங்கள் எந்த நாட்டிலிருந்து எழுதுகிறீர்கள் என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் 1996-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 230-ஆவது பிரிவு, மற்றவர்கள் எழுதியதற்குத் தளம் பொறுப்பாகாதபடி அதற்குக் கவசம் என்பதால், எழுதியவரைத்தான் பிடிக்க வேண்டும். இந்தியாவில் 2015-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் கொடுத்த ஸ்ரேயா சிங்கால் தீர்ப்புக்குப் பிறகு, நீக்கியே ஆக வேண்டிய கட்டாயம் தளத்துக்கு வருவது நீதிமன்ற உத்தரவோ அரசு அறிவிப்போ கிடைத்த பிறகுதான். ஐரோப்பாவில் முறையான புகார் கொடுத்தாலே தளம் பரிசீலித்து முடிவைச் சொல்ல வேண்டும். காலக்கெடுவை மறக்காதீர்கள். இழப்பீடு கேட்கும் அவதூறு வழக்குக்கு இந்தியா, இங்கிலாந்து உட்படப் பல இடங்களில் ஓராண்டுதான்.

நோட்டீஸ் விடுவதானால் ஆதாரத்தோடு விடுங்கள். அடிப்படை இல்லாத வழக்கு மிரட்டலால் ஒருவரின் விமர்சனத்தை நீக்கவைப்பதையே அமெரிக்க வர்த்தக ஆணையம் 2024-ல் கொண்டுவந்த விதி தடை செய்கிறது. "பாதிப் பணம் திருப்பித் தருகிறேன், நெகட்டிவை எடுத்துவிடுங்கள்" என்ற பேரமும் வேண்டாம். பணத்தைத் திருப்புவது நியாயம் என்று தோன்றினால் நிபந்தனை இல்லாமல் திருப்புங்கள்.

அண்ணன் விஷயம். உண்மையில் இது பின்னூட்டப் பிரச்சினை அல்ல, பாகப் பிரச்சினை. அதைத் தனியாக எழுதிக் கேளுங்கள், அதற்குக் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய உண்டு. இப்போதைக்கு ஒன்று மட்டும்: அப்பாவின் பொருள்கள் தொடர்பான விற்பனைப் பதிவுகளை அழிக்காதீர்கள். வழக்கு வரும் என்று தெரிந்த பிறகு அழித்தால் சாட்சியத்தை மறைத்ததாக அண்ணனின் வக்கீல் சொல்லுவார், நானாக இருந்தாலும் சொல்லுவேன். இனி விற்பவற்றுக்கு, பொருளின் பெயர் பின்னூட்டத்தில் தெரியாமல் வைக்கும் வசதி உங்கள் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்.

இன்றைக்குச் செய்ய வேண்டியது: தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், பிறகு தளத்துக்கு இப்படி எழுதுங்கள். "இந்தப் பின்னூட்டத்தில் என் முழுப் பெயரும் நான் வசிக்கும் தெருவும் உள்ளன. என் அனுமதி இல்லாமல், பார்சலில் இருந்து எடுத்து வெளியிடப்பட்டவை. அந்த விவரங்களை நீக்கக் கோருகிறேன். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவும்." நெகட்டிவ், மோசடி என்ற பேச்சே இதில் வேண்டாம். அந்த வரிகளைப் பற்றிய புகார், ஆதாரங்களோடு தனிக் கடிதமாகப் போகட்டும்.

பதில் எழுதும் பெட்டியில், நீங்கள் எழுத நினைத்த நம்பருக்குப் பதிலாக இது: "அனுப்பும் முன் எடுத்த படங்கள் உள்ளன. திருப்பி அனுப்பினால் முழுப் பணமும் தரத் தயார் என்று தெரிவித்திருக்கிறேன்." இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். இன்னும் தெரிவிக்கவில்லை என்றால் முதலில் அவருக்கு அந்தச் செய்தியை அனுப்பிவிட்டு, அப்புறம் பெட்டியைத் திறவுங்கள்.