கரி அடுப்பு இல்லாமல், வீட்டு கேஸ் அடுப்பிலேயே மெக்சிகோ தெருச் சோளத்தைச் சீக்கிரம் செய்ய முடியுமா?

முடியும், 15 நிமிஷ வேலைதான். ஆனால் முழுக் கதிராகச் செய்யாமல் முத்துக்களை உதிர்த்துச் செய்யுங்கள்.

மெக்சிகோவில் தெரு வண்டிகளில் இது இரண்டு விதமாகக் கிடைக்கும். வேகவைத்த அல்லது கரியில் சுட்ட கதிரில் குச்சி செருகி, மயோனைஸ் தடவி, கோதிஹா சீஸில் புரட்டி, மேலே மிளகாய்ப்பொடி தூவி எலுமிச்சை பிழிந்து தருவது எலோத்தே. கிட்டத்தட்ட அதே சேர்மானத்தை உதிர்த்த சோளத்தோடு டம்ளரில் போட்டு ஸ்பூனுடன் தந்தால் எஸ்கித்தேஸ். அங்கே எஸ்கித்தேஸுக்குச் சோளத்தை எப்பசோத்தே என்கிற வாசனைத் தழையோடு வேகவைப்பது வழக்கம். வீட்டில் நான் வேகவைப்பதில்லை, வறுத்துவிடுகிறேன். சுட்ட வாசனை வேண்டுமென்றால் அதுதான் வழி.

நான்கு கதிர் ஸ்வீட்கார்னை உதிர்த்தால் மூன்று கப் அளவுக்கு வரும். உறைந்த சோளமும் பரவாயில்லை, துணியில் ஈரத்தை ஒற்றிவிட்டுப் போடுங்கள். இரும்புச் சட்டியை நன்றாகக் காயவிட்டு, ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் விட்டு, சோளத்தை ஒரே அடுக்காகப் பரப்புங்கள். தீ அதிகமாகவே இருக்கட்டும். அப்புறம் கரண்டியைத் தொடாதீர்கள்! இரண்டு நிமிஷம் அப்படியே விட்டால்தான் அடியில் கருப்புப் புள்ளிகள் விழும். ஒரு முறை கிளறி, மறுபடி விடுங்கள். கிளறிக்கொண்டே இருந்தாலோ சட்டியை நிரப்பினாலோ சோளம் நீர் விட்டு வெந்துபோகும், கருகல் வராது. முத்துக்கள் பட்டென்று வெடித்துத் தெறிக்கும், முகத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பத்து நிமிஷத்தில் அங்கங்கே கருத்திருந்தால் போதும்.

அடுப்பை அணைத்ததும் அரை டீஸ்பூன் மிளகாய்த்தூளைச் சட்டிச் சூட்டிலேயே பிரட்டுங்கள், பச்சை வாசனை போய்விடும். காஷ்மீரி மிளகாய்த்தூள் நல்லது, நம் காரமான தூள் என்றால் பாதி போதும். இரண்டு நிமிஷம் ஆறவிட்டு மூன்று மேஜைக்கரண்டி மயோனைஸ், ஒரு சின்னப் பல் பூண்டு துருவியது, ஒரு எலுமிச்சையின் சாறு, கொத்தமல்லித்தழை எல்லாம் சேருங்கள். கொதிக்கும் சூட்டில் மயோனைஸ் போட்டால் எண்ணெய் பிரிந்துவிடும். முட்டை சேராத மயோனைஸ் பல இனிப்பாக இருக்கும். ஸ்வீட்கார்னும் இனிப்பு என்பதால், அப்போது எலுமிச்சையைக் கூட்டுங்கள். மெக்சிகோவில் இதற்குப் போடும் வெள்ளை மக்காச்சோளத்தில் இனிப்பு குறைவு, மாவுத்தன்மை அதிகம். எலுமிச்சை விஷயத்தில் நமக்குக் குறையில்லை. அவர்கள் பிழியும் சின்ன எலுமிச்சையும் நம் சந்தையில் கிடைப்பதும் ஒரே இனம்தான்.

சீஸில் மட்டும் அலட்சியம் வேண்டாம். கோதிஹா, மிச்சோவாகன் மாநிலத்துக் கோதிஹா ஊரின் பெயரில் வழங்கும் சீஸ். உப்பாக, உலர்ந்து, உதிரியாக இருக்கும், உருகாது. அதன் உப்புதான் சோளத்தின் இனிப்பை அடக்கி வைக்கிறது. நமக்குச் சுலபமாகக் கிடைப்பதில் ஃபெட்டா நெருக்கமானது, 50 கிராம் உதிர்த்துப் போடுங்கள். பன்னீர்தான் இருக்கிறது என்றால் உதிர்த்து, தாராளமாக உப்பு பிசறி, பத்து நிமிஷம் வைத்துவிட்டுப் போடுங்கள். மொஸரெல்லா வேண்டாம், உருகி இழுத்துக்கொண்டு வேறு பண்டமாகிவிடும். உப்பைச் சீஸ் சேர்த்து ருசி பார்த்த பிறகே போடுங்கள்.

சூடு இருக்கும்போதே சாப்பிட்டுவிடுங்கள்.