கிருஹலட்சுமிப் பணத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால்...

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வீட்டிலேயே தையல் தொழில் செய்கிறேன். கணவர் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறார். 2023 முதல் எனக்கு, கர்நாடக அரசு குடும்பத் தலைவிகளுக்குத் தரும் கிருஹலட்சுமித் திட்டத்தில் மாதம் 2,000 ரூபாய் வந்தது. வங்கிக் கடனுக்காக இரண்டு ஆண்டுகள் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தேன்; வரி ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியிருக்கவில்லை. 2025 ஜூலையில் யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் போனபோது பயந்துபோய், ஆகஸ்டில் கணவர், சிறு வியாபாரிகளுக்கான எளிய முறையான காம்பொசிஷன் முறையில் ஜிஎஸ்டி பதிவு எடுத்தார். அதன் பிறகு இரண்டு தவணைகள் வந்தன, பிறகு நின்றுவிட்டன. இப்போது கன்னடத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது: நான் வரி செலுத்துபவராம், கணவர் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்பவராம், இதுவரை பெற்ற 22 தவணைகளையும், அதாவது 44,000 ரூபாயை, 15 நாளில் திருப்பிச் செலுத்த வேண்டுமாம். கட்டாவிட்டால் வழக்கு என்கிறார்கள். நகையை அடகு வைத்துக் கட்டிவிடட்டுமா?

பதில்: நகை பெட்டியிலேயே இருக்கட்டும். நீங்கள் சொல்லும் விவரங்கள் சரியென்றால், இந்த 44,000 ரூபாயில் பெரும்பகுதியைக் கேட்க அவர்களுக்கு அடிப்படை இல்லை. ஆனால் கடிதத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடாதீர்கள். 15 நாள் முடிவதற்குள் உங்கள் பதில் எழுத்தில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நேரம் போதாது என்று தோன்றினால், ஆவணம் திரட்ட அவகாசம் கேட்டு நான்கு வரியாவது கொடுத்துவிடுங்கள்.

முதலில் தகுதி விதி என்ன சொல்கிறது என்று பாருங்கள். குடும்பத் தலைவியோ அவருடைய கணவரோ வருமான வரி செலுத்துபவராக இருந்தால் உதவி கிடையாது. இருவரில் ஒருவர் ஜிஎஸ்டி கணக்கு தாக்கல் செய்தாலும் கிடையாது. இரண்டும் ஒரே மாதிரி தெரிந்தாலும் ஒன்றல்ல. வருமான வரியில் கேள்வி, வரி செலுத்தினீர்களா என்பது. ஜிஎஸ்டியில் கேள்வி, கணக்கு தாக்கல் செய்கிறீர்களா என்பது. ஜிஎஸ்டியில் வரி பூஜ்யமாக இருந்தாலும் தாக்கல் செய்தாலே உதவி கிடையாது. கணினிப் பட்டியலை வைத்து ஆட்களைப் பிரிக்கும்போது இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது. பான் எண்ணில் வருமான வரிக் கணக்கு ஒன்று இருந்துவிட்டால் 'வரி செலுத்துபவர்' என்று முத்திரை விழுகிறது. கடனுக்காகக் கணக்கு தாக்கல் செய்யும் தையல்காரர்கள், பூ வியாபாரிகள், ஆட்டோ ஓட்டுநர்களின் மனைவிகள் என்று சுயதொழில் குடும்பங்கள்தான் இதில் அதிகம் அடிபடுகின்றன. நேர்மையாகக் கணக்குக் காட்டியதற்காக ஒரு பெண் தண்டிக்கப்படுவதை ஏற்றுக்கொள்ளவே முடியாது.

ஆகவே கடிதத்தை இரண்டாகப் பிரியுங்கள்.

உங்கள் வருமான வரி விஷயம் எளிது. ஒவ்வொரு ஆண்டுக்கும் கணக்கு தாக்கல் செய்ததற்கான ஒப்புகைச் சீட்டை எடுங்கள். அதில் செலுத்த வேண்டிய வரி எவ்வளவு என்ற வரி தனியாக இருக்கும். அதைவிட வலுவான சான்று, 143(1) பிரிவின் கீழ் வருமான வரித் துறையே அனுப்பும் அறிவிப்பு. அது உங்கள் மின்னஞ்சலில் இருக்கும், வரித் துறை இணையதளத்தில் உள்நுழைந்தும் எடுக்கலாம். இரண்டிலும் வரி பூஜ்யம் என்றிருந்தால் உங்களை வரி செலுத்துபவர் என்று சொல்ல இடமில்லை. 2023-24, 2024-25 நிதியாண்டுகளில் புதிய வரி முறையில் 7 லட்சம் ரூபாய் வருமானம் வரை தள்ளுபடி இருந்ததால், கணக்கு தாக்கல் செய்தும் வரி கட்டாதவர்கள் ஏராளம். யாராவது உங்கள் கூலியில் வரி பிடித்தம் செய்து, பிறகு அது உங்களுக்குத் திரும்ப வந்திருந்தால், அந்தத் தொகை திரும்பி வந்த வங்கிப் பதிவையும் சேர்த்துக் கொடுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. உங்களிடம் இருப்பது பிபிஎல் (வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கான) ரேஷன் அட்டை என்றால், கர்நாடகத்தில் அதற்கான ஆண்டு வருமான வரம்பு 1.2 லட்சம் ரூபாய். நீங்கள் இணைக்கும் வரிக் கணக்கில் அதைவிடக் கூடுதலான வருமானம் இருந்தால் அட்டையைப் பற்றிய கேள்வி வரும். கிருஹலட்சுமி ஏபிஎல் (வறுமைக் கோட்டுக்கு மேலே உள்ளவர்களுக்கான) அட்டை வைத்திருப்பவர்களுக்கும் உண்டு என்பதால், அட்டை மாறினால் மட்டும் இந்த உதவி போய்விடாது. ஆனாலும் கணக்கை அனுப்பும் முன் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு அனுப்புங்கள்.

கணவரின் ஜிஎஸ்டிதான் உண்மையான கேள்வி. அதிலும் தேதியே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஆகஸ்ட் 2025க்கு முன் அவருக்குப் பதிவே இல்லை. அந்தக் காலத்துக்கான தவணைகளை நீங்கள் முழுத் தகுதியோடு பெற்றீர்கள். பின்னாளில் தகுதி போனதைக் காட்டி, முன்பு சரியாகக் கொடுத்த பணத்தைத் தவறு என்று மாற்ற முடியாது. ஜிஎஸ்டி தளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தட்டினால், பதிவு எந்தத் தேதியிலிருந்து செல்லும், எந்தெந்தக் காலத்துக்குக் கணக்கு தாக்கலாகியிருக்கிறது என்பது பொதுவிலேயே தெரியும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து இணையுங்கள். இருபது தவணைகள், 40,000 ரூபாய், இத்தோடு தீர்ந்தது.

மீதி இரண்டு தவணைகளுக்கு வங்கிப் பாஸ்புக்கை எடுத்து வையுங்கள். கிருஹலட்சுமிப் பணம் அந்தந்த மாதத்தில் வருவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும். ஆகவே செப்டம்பரில் வரவு வைக்கப்பட்ட 2,000 ரூபாய் மே மாதத்துக்கோ ஜூன் மாதத்துக்கோ உரியதாக இருக்கலாம். வரவு வந்த தேதி முக்கியமல்ல, எந்த மாதத்துக்கான தவணை என்பதே முக்கியம். டிபிடி கர்நாடகா செயலியில் உங்களுக்கு வந்த தொகைகளின் பட்டியலைப் பார்க்கலாம். அதிலும் மாதம் தெளிவாக இல்லையென்றால் துறையிடமே கேளுங்கள். சொல்ல வேண்டிய பொறுப்பு அவர்களுடையது. இரண்டும் ஜூலை வரையிலான மாதங்களின் நிலுவை என்றால் நீங்கள் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை. ஆகஸ்டுக்கோ அதற்குப் பிந்தைய மாதங்களுக்கோ உரியவை என்றால் அந்த 4,000 ரூபாயைத் தருவதாகச் சொல்லிவிடுவது நல்லது. காம்பொசிஷன் முறையில் முதல் காலாண்டு அறிக்கையான சிஎம்பி-08 அக்டோபரில்தான் தாக்கலாகும், அதுவரை அவர் 'தாக்கல் செய்பவர்' ஆகவில்லை என்றும் வாதாடலாம். வாதம் தவறில்லை. ஆனால் 40,000 ரூபாய்க்கான வலுவான வாதத்தின் பக்கத்தில் இதை முன்னால் வைக்காதீர்கள், கடைசியில் ஒரு வரியாகச் சேருங்கள்.

பதிலில் இன்னொன்றையும் கேட்க வேண்டும். உதவியை நிறுத்துவது வேறு, கொடுத்ததை வசூலிப்பது வேறு. எந்த அரசாணையின் எந்தப் பிரிவின் கீழ் வசூலிக்கிறீர்கள், எந்தத் தவணைக்கு என்ன காரணம், யார் கொடுத்த தகவல் என்று எழுத்தில் கேளுங்கள். ஒருவரிடமிருந்து பணம் வசூலிக்கும் முன் காரணம் சொல்லி அவர் தரப்பைக் கேட்பது இயற்கை நீதியின் அடிப்படை. ஓர் உத்தரவு அதில் எழுதியிருக்கும் காரணங்களைக் கொண்டே நிற்க வேண்டும், பிறகு புதிய காரணம் சேர்த்து அதைத் தூக்கி நிறுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் மொஹிந்தர் சிங் கில் வழக்கில் 1977இலேயே சொல்லியிருக்கிறது. அதனால்தான் காரணத்தை இப்போதே எழுத்தில் வாங்க வேண்டும் என்கிறேன். பலர் 2014ஆம் ஆண்டு ரஃபீக் மசீஹ் தீர்ப்பை மேற்கோள் காட்டச் சொல்வார்கள். அது அரசு ஊழியர்களுக்குத் தவறாகக் கொடுத்த கூடுதல் ஊதியத்தைத் திரும்பப் பெறுவது பற்றியது. உங்கள் வழக்குக்கு நேராகப் பொருந்தாது, அதை நம்பி இருக்காதீர்கள்.

கடிதத்தின் நடுப்பகுதி இப்படி இருக்கலாம்: "நான் எந்த ஆண்டும் வருமான வரி செலுத்தவில்லை, சான்று இணைப்பு 1, 2. என் கணவரின் ஜிஎஸ்டி பதிவு ஆகஸ்ட் 2025இலிருந்து மட்டுமே. சான்று இணைப்பு 3. அதற்கு முந்தைய தவணைகளை நான் தகுதியோடு பெற்றேன். ஆகவே வசூல் கோரிக்கையைக் கைவிட வேண்டுகிறேன். முடிவெடுக்கும் முன் என்னை நேரில் கேட்க வேண்டும்." விண்ணப்பிக்கும்போது நீங்கள் சொன்ன எதுவும் பொய் இல்லை என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள். வழக்கு என்ற மிரட்டலுக்கு அதுதான் பதில்.

மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் குறை தெரிவித்து மனு கொடுக்க அரசியலமைப்பின் 350ஆவது கூறு உரிமை தருகிறது. இருந்தாலும் கன்னடத்தில் கொடுங்கள். மேசையில் இருப்பவர் அன்றே படிப்பார். மகளிர் மற்றும் குழந்தைகள் நலத் துறையின் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலருக்கு முகவரியிட்டு, மாவட்டத் துணை இயக்குநருக்கு நகல் போடுங்கள். தபால் பிரிவில் கொடுத்தால் உங்கள் நகலில் முத்திரை, தேதி, கையெழுத்து மூன்றும் வாங்காமல் திரும்பாதீர்கள். 'ஸ்வீகிருதி' (கன்னடத்தில் ஒப்புகை) வேண்டும் என்று கேளுங்கள். தர மறுத்தால் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பதிவுத் தபால் இப்போது அதோடுதான் இணைக்கப்பட்டிருக்கிறது. கூடவே மாநில அரசின் குறைதீர்ப்பு உதவி எண்ணான 1902 ஜனஸ்பந்தனவில் புகார் பதிந்து அதன் எண்ணைக் குறித்துவையுங்கள்.

அலுவலகத்தில், "தவணை முறையில் கட்டுகிறேன் என்று ஒரு கையெழுத்துப் போடுங்கள், போதும்" என்பார்கள். போடாதீர்கள். அது கடனை ஒப்புக்கொண்டதாகிவிடும். யாராவது தொலைபேசியில் அழைத்து யுபிஐ எண்ணுக்குப் பணம் போடச் சொன்னால் அது மோசடி. உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்குச் சொல்லுங்கள். அரசுக்குப் போகும் பணம், மாநிலக் கருவூலத்தின் இணையதளமான கஜானே-2இன் செலான் வழியாகத்தான் போக வேண்டும். 4,000 ரூபாயைக் கட்டும் நிலை வந்தாலும் அப்படியே கட்டி, மீதித் தொகையை ஏற்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள்.

பதிலே வராவிட்டால் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, உங்கள் கோப்பின் நகலையும் வசூலுக்கான அரசாணையையும் கேளுங்கள். பிபிஎல் அட்டை இருந்தால் கட்டணமும் இல்லை. 30 நாளில் பதில் வர வேண்டும். அதற்கும் அசையாமல் வசூலில் இறங்கினால் உயர் நீதிமன்றத்தில் 226ஆவது கூறின் கீழ் ரிட் மனு போடலாம். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, எவ்வளவு வருமானம் இருந்தாலும் பெண்களுக்கு இலவச வழக்கறிஞர் உண்டு. சட்ட உதவி எண்ணான 15100க்கு அழையுங்கள், அல்லது சித்தையா சாலையில் மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் இருக்கும் நியாய தேகுல கட்டடத்துக்கு நேரில் போங்கள். கடிதம், பாஸ்புக், வரி ஒப்புகை மூன்றையும் கையில் கொண்டுபோங்கள்.

உதவி மறுபடி கிடைக்குமா என்பது கணவரின் பதிவைப் பொறுத்தது. பொருள் விற்கும் கடைக்கு ஜிஎஸ்டி கட்டாயமாவது ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயைத் தாண்டும்போதுதான். யுபிஐயில் வந்த சீட்டுப் பணமும் உறவினர் அனுப்பிய பணமும் விற்பனை ஆகாது; ஆனால் வரி இல்லாத பால், காய்கறி விற்பனையையும் மற்றப் பொருள்களோடு கூட்டியே 40 லட்சம் பார்க்க வேண்டும். உண்மையில் அதற்குக் கீழே இருந்தால் ரெக்-16 படிவத்தில் பதிவை ரத்து செய்யக் கேட்கலாம். ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-10 தாக்கல் செய்ய வேண்டும். மொத்த வியாபாரிகள் பதிவு எண் கேட்டுத்தான் சரக்கு தருகிறார்கள் என்றால், ஆண்டுக்கு 24,000 ரூபாய்க்காகப் பதிவை விடுவது கடைக்கு நஷ்டமாகலாம். அந்தக் கணக்கை இருவரும் உட்கார்ந்து போட்டுப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.