மாகாணமா, மத்தியா? – கனடாத் தேர்தல் கேள்வி பதில்

2025இல் ஒன்ராறியோக்காரர்களுக்கு இரண்டு மாத இடைவெளியில் இரண்டு தேர்தல் வந்தது. பெப்ரவரி 27 மாகாணம், ஏப்ரல் 28 மத்தி. இரண்டையும் போட்டுக் குழப்பித்தான் வந்த கேள்விகளில் பாதி இருக்கிறது. பல தேர்தல்களில் வாக்கெண்ணும் முகவராக இருந்தவன் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: கேள்வியில் மாகாணமா மத்தியா என்று எழுதிவிடுங்கள்.

ஸ்காபரோ: அண்ணை, எங்கள் வீட்டில் பெப்ரவரியில் கன்சவேட்டிவுக்கும் ஏப்ரலில் லிபரலுக்கும் போட்டோம். கொள்கையில்லாத ஆட்கள் என்று மச்சான் கேலி செய்கிறார்.

மச்சானிடம் ஸ்காபரோ ரூஜ் பார்க்கைப் பார்க்கச் சொல்லுங்கள். 2018இலிருந்து அங்கே மாகாண உறுப்பினர் விஜய் தணிகாசலம், கன்சவேட்டிவ். அதே தொகுதிக்கு 2015இலிருந்து மத்திய எம்.பி. ஹரி ஆனந்தசங்கரி, லிபரல். ஒரே தெருவில் ஒரே ஆட்கள்தான் இரண்டு பேரையும் திரும்பத் திரும்ப அனுப்பினார்கள். அவர்களுக்கு என்ன மூளை கலங்கிவிட்டதா?

கட்சிப் பெயர் ஒன்றாக இருப்பதாலேயே கட்சி ஒன்றாகிவிடாது. டக் போர்ட் தலைவராக இருப்பது ஒன்ராறியோ முற்போக்குக் கன்சவேட்டிவ் கட்சி. பியர் பொலியேவ் நடத்துவது மத்தியக் கன்சவேட்டிவ் கட்சி, அது வேறு. அதற்குத் தனித் தலைமை, தனிக் காசு, தனி உறுப்பினர் பட்டியல். ஏப்ரலில் போர்ட் அவருக்காக மேடை ஏறவுமில்லை.

இதைவிடப் பெரிய கூத்து பிரித்தானிய கொலம்பியாவில் நடந்தது. அங்கே 2001இலிருந்து 2017 வரை ஆண்ட 'லிபரல்' கட்சிக்குள் மத்திய லிபரல்காரரும் மத்திய கன்சவேட்டிவ்காரரும் சேர்ந்தே இருந்தார்கள். என்டிபி (இடதுசாரிப் புதிய ஜனநாயகக் கட்சி) வரக்கூடாது என்பதுதான் அவர்களைக் கட்டிய கயிறு. 2023இல் பெயரை மாற்றினார்கள். 2024 ஓகஸ்டில் தேர்தலுக்கு முன்பே கடையை மூடினார்கள். அக்டோபரில் அதுவரை ஒரு மூலையில் கிடந்த மாகாண கன்சவேட்டிவ் கட்சி 44 ஆசனம் எடுத்தது, என்டிபி 47 எடுத்து மயிரிழையில் தப்பியது.

ஆளையே உதாரணமாகக் கேட்டால், ஜோன் ஷரே. ஒட்டாவாவில் முற்போக்குக் கன்சவேட்டிவ் தலைவராக இருந்தவர், கியூபெக்கில் லிபரல் தலைவராகி 2003இலிருந்து 2012 வரை முதல்வராக இருந்தார். அவரைக் கொள்கையில்லாதவர் என்று யாரும் பெரிதாகத் திட்டவில்லை.

என்டிபி மட்டும் விதிவிலக்கு. மாகாணக் கட்சியில் சேர்ந்தால் மத்தியிலும் உறுப்பினர் என்பது அவர்கள் வழக்கம். அதிலும் 2025இல் அல்பேர்ட்டா என்டிபி அந்தக் கட்டாயத்தை நீக்கிவிட்டது.

பிரம்டன்: நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர் வாக்களிக்கலாமா?

இல்லை. மாகாணத்திலும் இல்லை, மத்தியிலும் இல்லை. ஆனால் லிபரல் கட்சியில் உறுப்பினராகி, உங்கள் தொகுதி வேட்பாளரைத் தெரிவு செய்யும் உட்கட்சி வாக்கெடுப்பில் போடலாம்.

மார்க்கம்: ஆஸ்பத்திரியில் ஏழு மணித்தியாலம் காத்திருந்தோம். எம்.பி.க்கு எழுதினால் பதிலே இல்லை.

ஆஸ்பத்திரியை நடத்துவது மாகாணம். உங்கள் ஒன்ராறியோ சட்டமன்ற உறுப்பினரிடம் போங்கள். மனைவியின் விசாக் கோப்பு இழுபட்டால் எம்.பி., குப்பை எடுக்கவில்லை என்றால் நகரசபை.

வோன்: பொலியேவ் சொந்தத் தொகுதியிலேயே தோற்றாரே, பிறகு எப்படித் தலைவராக இருக்கிறார்?

கட்சித் தலைவர் நாடாளுமன்றத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. 2004இலிருந்து எம்.பி.யாக இருந்தவர், ஒட்டாவாப் பக்கத்துக் கார்ல்டனில் லிபரல் புரூஸ் பஞ்சோயிடம் தோற்றார். பிறகு அல்பேர்ட்டாவில் பற்றில் ரிவர்–குரோபுட் தொகுதியில் வென்ற டேமியன் குரெக் பதவி விலகி வழிவிட, ஓகஸ்ட் 18 இடைத்தேர்தலில் வென்று உள்ளே வந்தார்.

எனக்குச் சுவாரசியம் வேறு இடத்தில். கார்ல்டனில் 91 வேட்பாளர்கள். தேர்தல் முறையை எதிர்த்து ஒரு குழு வேண்டுமென்றே ஆட்களை நிறுத்தியது. வாக்குச்சீட்டு கிட்டத்தட்ட ஒரு மீற்றர் நீளம். மத்திய தேர்தலில் இன்னும் கையால்தான் எண்ணுகிறார்கள். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில், பாஸ்கெட்பால் வளையத்துக்குக் கீழே மேசை போட்டு, அதிகாரி சீட்டை ஒவ்வொன்றாக விரித்து, பெயரை வாசித்து, எங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் அடுக்கில் வைப்பார். உள்ளங்கை அளவுச் சீட்டுக்கே எனக்குக் கழுத்து வலிக்கும். போர்வை மாதிரி மடித்த சீட்டை விரித்து விரித்து எண்ணியவர்களை நினைத்துப் பாருங்கள்! இடைத்தேர்தலில் 214 பேர் நின்றதால் சீட்டில் பெயர்களே இல்லை, வாக்காளர்தான் எழுத வேண்டியிருந்தது.

ஏஜக்ஸ்: போர்ட்டை அகற்றக் கார்னிக்குப் போட்டோம், ஏன் ஒன்றும் நடக்கவில்லை?

மாகாணமா, மத்தியா? போர்ட் மாகாண முதல்வர், கார்னி மத்திய லிபரல் தலைவர். மேலே முதல் பதிலை வாசியுங்கள்.

மிசிசாகா: பெப்ரவரியில் 43 வீத வாக்குக்குப் போர்ட்டிடம் 124இல் 80 ஆசனம். இது என்ன நியாயம்?

அதில் நீங்கள் கவனிக்காத ஒன்று இருக்கிறது. லிபரல் 30 வீதம் எடுத்து 14 ஆசனம். என்டிபி 19 வீதத்துக்குள் நின்று 27 ஆசனத்தோடு எதிர்க்கட்சி. முதலில் வருபவருக்கே முழுவதும் என்ற முறையில் எத்தனை வாக்கு என்பதைவிட அது எங்கே குவிந்திருக்கிறது என்பதுதான் கணக்கு.

இன்னும் அப்பட்டமாக வேண்டுமென்றால் கியூபெக், 2022. கியூபெக் லிபரல் 14.4 வீதம், 21 ஆசனம். பார்ட்டி கெபெக்குவா 14.6 வீதம், 3 ஆசனம். கியூபெக் கன்சவேட்டிவ் ஏறத்தாழ 13 வீதம், ஒன்றுமே இல்லை.

1993 மத்திய தேர்தலில், ஆண்டுகொண்டிருந்த முற்போக்குக் கன்சவேட்டிவ் 16 வீதம் எடுத்து இரண்டே இரண்டு ஆசனத்துக்கு வந்தது. கியூபெக்கில் மட்டும் நின்ற பிளாக் கெபெக்குவா 13.5 வீதத்தில் 54 ஆசனம் எடுத்து நாட்டுக்கே எதிர்க்கட்சியானது. நாட்டைப் பிரிக்க வேண்டும் என்ற கட்சி அதே நாட்டின் எதிர்க்கட்சி. எங்கள் பெரியவர்களுக்கு இது புதிதல்ல. இலங்கையில் 1977இல் ஏறத்தாழ 30 வீதம் எடுத்த சுதந்திரக் கட்சிக்கு 8 ஆசனம், வடக்கு கிழக்கில் வாக்குக் குவிந்த தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவர். அதே கணக்குத்தான்.

மிசிசாகா, மறுபடியும்: அப்படியென்றால் ட்ரூடோ ஏன் மாற்றவில்லை?

இந்த முறையில் நடக்கும் கடைசித் தேர்தல் இதுதான் என்று 2015இல் சொல்லி, அதே முறையில் பெரும்பான்மை பெற்று, 2017 பெப்ரவரியில் கைவிட்டார். ஏறி வந்த ஏணியை யார்தான் வெட்டுவார்கள்? ஆனால் பழியை முழுக்க அவர் தலையில் போடவும் முடியாது. ஒன்ராறியோ 2007இல் மக்களிடம் கேட்டது, 63 வீதம் மாற்றம் வேண்டாம் என்றது. பிரித்தானிய கொலம்பியாவில் 2005இல் 57.7 வீதம் வேண்டும் என்றார்கள், வரம்பு 60. அந்த இரண்டு வீதத்தில் போனது போனதுதான். 2018இல் கேட்டபோது 61 வீதம் பழையதே போதும் என்றுவிட்டார்கள்.

கல்கரி: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். விகிதாசாரம் வந்தால் நிலையான ஆட்சியே இராது. இலங்கையைப் பாருங்கள்.

பார்த்தேன். 2020இல் பொதுஜன பெரமுன 225இல் 145, 2024இல் தேசிய மக்கள் சக்தி 159. இரண்டும் விகிதாசாரத்தில்தான். இங்கே முதலில் வருபவர் முறையில் 2019, 2021, 2025 மூன்று தேர்தலிலும் மத்தியில் சிறுபான்மை முடிவு. 2025இல் லிபரலுக்கு 343இல் 169, பெரும்பான்மைக்கு மூன்று குறைவு.

மிசிசாகா: அப்படிக் கேளுங்கள்! கல்கரிக்காரருக்கு…

சரி, நீங்கள் இரண்டு பேரும் தேநீர் குடித்துக்கொண்டே தனியாகப் பேசுங்கள். வரிசையில் ஆள் நிற்கிறது.

பிக்கரிங்: கன்சவேட்டிவைத் தோற்கடிக்கத் தந்திரமாக வாக்குப் போடுவது எப்படி? (மத்தி.)

எழுதியதற்கு நன்றி. யாரைத் தோற்கடிப்பது என்பது உங்கள் விருப்பம், கணக்கை மட்டும் சொல்கிறேன். நாடளாவிய கருத்துக்கணிப்பைப் பார்த்துத் தந்திரம் செய்யாதீர்கள். வின்சர் மேற்கில் 2002இலிருந்து என்டிபியின் பிரையன் மாஸ். 2025இல் நாடு முழுக்க லிபரல் அலை என்று நிறையப் பேர் அங்கேயும் லிபரலின் சிவப்புக்குத் தாவினார்கள். வாக்குப் பிரிந்தது, வென்றது கன்சவேட்டிவ். சென்ற முறை உங்கள் தொகுதியில் முதலாவது, இரண்டாவது யார் என்று முதலில் பாருங்கள்.

ஸ்காபரோ: யாரையும் பிடிக்கவில்லை. என்ன செய்வது?

ஒன்ராறியோத் தேர்தலில் சீட்டை வாங்கி, மறுக்கிறேன் என்று சொல்லித் திருப்பிக் கொடுக்கலாம், அதைத் தனியாக எண்ணுவார்கள். மத்தியில் அந்த வசதி இல்லை.

ஒட்டாவா: கட்சி தாவினால் பதவி போகாதா?

போகாது. டேவிட் எமர்சன் 2006 ஜனவரி 23இல் வன்கூவரில் லிபரலாக வென்றார், பெப்ரவரி 6இல் கன்சவேட்டிவ் அமைச்சராகப் பதவியேற்றார். வீட்டு வாசல் பதாகையைப் பிடுங்கவே சிலருக்கு அதைவிட நாளாகும்.

மில்டன்: பிஆர் (நிரந்தர வதிவிட) அட்டை உள்ளவர் வாக்குப் போடலாமா?

மேலே.

ஹமில்டன்: அடுத்த தேர்தலில் யார் வெல்வார்கள்?

சாத்திரிக்காரரிடம் கேளுங்கள்.

ஏஜக்ஸ்: அம்மாவுக்குக் கண் சரியாகத் தெரியாது. நான் கூடப் போய்ப் போட்டுக் கொடுக்கலாமா?

மாகாணமா மத்தியா என்று நீங்களும் எழுதவில்லை. பரவாயில்லை, இரண்டிலும் முடியும். மேசையில் சொல்லுங்கள், ஒரு உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள். பிறகு திரைக்குப் பின்னால் நீங்கள் பெயர்களை வாசிக்க, அம்மா காதுக்குள் சொல்வதற்குக் குறி போடுங்கள். அவர் நீங்கள் நினைத்த ஆளைச் சொல்லாவிட்டாலும் அவர் சொன்னதற்குத்தான்.