மேனேஜர் மாறியதும் மகள் பேப்பர் போடலாமா?

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. நாலரை வருடமாகச் சோழிங்கநல்லூரில் நிம்மதியாக வேலை பார்த்த பெண், டிசம்பரில் மேனேஜர் திடீரென்று மாறியதிலிருந்து ராத்திரி போனில் அழுகிறாள், "பேப்பர் போட்டுடறேன்", அதாவது ராஜினாமா செய்துவிடுகிறேன், என்கிறாள். "வந்துடு" என்பதா, "பொறுத்துக்கோ" என்பதா என்று தவிக்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டையுமே சொல்ல வேண்டாம்.

புது மேனேஜர் கத்தினார், அவமானப்படுத்தினார் என்று நீங்கள் எதுவும் எழுதவில்லை. "நான் என்ன செஞ்சேன்னே அவருக்குத் தெரியல" என்பதுதான் அவள் புகார். நியாயமான புகார்தான். சாஃப்ட்வேர் ரிலீஸ் அன்று விடிய விடிய உட்கார்ந்து சரிசெய்தது, பொங்கலுக்கு வாய்வார்த்தையாகக் கிடைத்த லீவு, "அடுத்த அப்ரைசல்ல பார்த்துக்கலாம்" என்ற வாக்கு, எல்லாம் பழைய மேனேஜர் மனசில் இருந்தவை. பல கம்பெனிகளில் அப்ரைசல் (வருடாந்திர வேலை மதிப்பீடு) கணக்கு ஏப்ரல் முதல் மார்ச் வரை. முக்கால் வருட வேலையைக் கண்ணால் பார்க்காதவர் ரேட்டிங் போடப்போகிறார்.

அதனால் இந்த வாரமே அரை மணி நேரம் கேட்டு வாங்கி அவரோடு உட்காரட்டும். முடிந்ததும் ஒரு மெயில்: "இன்று பேசியபடி, ஏப்ரலிலிருந்து நான் முடித்த வேலைகள் இவை, கையில் இருப்பவை இவை, மார்ச்சுக்குள் எதை முதலில் முடிக்க வேண்டும் என்று சொல்லுங்கள்." பழைய மேனேஜர் அதே கம்பெனியில் வேறு ப்ராஜெக்டுக்குத்தான் போயிருக்கிறார். அப்ரைசல் போர்ட்டலில் நாலு வரி ஃபீட்பேக் போடச் சொல்லிக் கேட்கலாம், இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. லீவையும் போர்ட்டலில் ஏற்றிவிட வேண்டும்.

இன்னொரு கணக்கு இருக்கிறது, கோபத்தில் யாரும் பார்க்காதது. 2021 ஜூலையில் சேர்ந்தவளுக்கு வரும் ஜூலையில்தான் ஐந்து வருடம் முடிகிறது. வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடையான கிராஜுவிட்டிக்கு அந்த ஐந்து வருடம் முக்கியம். கடைசியாக வாங்கும் அடிப்படைச் சம்பளத்தை (அகவிலைப்படி இருந்தால் அதையும் சேர்த்து) 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருட எண்ணிக்கையால் பெருக்க வேண்டும். அடிப்படை 30,000 என்றால் சுமார் 86,500 ரூபாய். அவளுக்கு நோட்டீஸ், அதாவது பேப்பர் போட்டபின்னும் வேலை பார்க்க வேண்டிய காலம், 90 நாள் என்கிறீர்கள். இன்று பேப்பர் போட்டால் ஏப்ரலில் வெளியே வந்துவிடுவாள். ஏப்ரல் கடைசியில் போட்டால் ஐந்து வருடம் தாண்டிவிடும், ரேட்டிங் எப்படி என்பதும் அநேகமாகத் தெரிந்திருக்கும். புதுக் கம்பெனி "நோட்டீஸை நாங்களே பை-அவுட் பண்ணிக்கறோம், உடனே வாங்க" என்று, மீதி நோட்டீஸ் நாட்களுக்கான பணத்தைக் கட்ட முன்வந்து அவசரப்படுத்தினால் இந்தத் தேதியைச் சொல்லி நேரம் கேட்கட்டும். பிஎஃப் பணத்தை எடுக்க வேண்டாம், யுஏஎன் என்ற நிரந்தர பிஎஃப் எண் வழியாகப் புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொண்டால் போதும்.

வேலை தேடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. தேடட்டும், ஆஃபர் லெட்டர் கையில் வந்தபின் பேப்பர் போடட்டும். நடுவில் யாராவது ரூமுக்குக் கூப்பிட்டு "இப்பவே ரிசைன் பண்ணிடு" என்றால் அங்கேயே கையெழுத்துப் போடக் கூடாது. "மெயில்ல அனுப்புங்க, படிச்சுட்டுச் சொல்றேன்" என்று எழுந்து வந்துவிடலாம்.

அவள் அப்பா ஹெச்ஆருக்குப் போன் போட்டுப் பேசட்டுமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டவே வேண்டாம் அம்மா, அவளுக்கு 26 வயது.